வாசலைத் தாண்டிய நேரம்

தலைமை வகிக்கும் ஓய்வுபெற்ற நீதிபதி அவர்களே, எனக்கு முன்பு பேசி எல்லோரையும் அழவைத்துவிட்ட பத்திரிகையாளர் சங்கச் செயலாளர் அவர்களே, முதல் வரிசையில் தலை நிமிராமல் உட்கார்ந்திருக்கும் வாசலக்காவின் கணவர், தையல்கார மாமா அவர்களே, இடம் கிடைக்காமல் சுவரோரம் நிற்கும் தாய்மார்களே, தோழர்களே!

மனித உரிமைப் போராளி, அடைபட்டவர்களுக்காக அலைந்த அம்மையார், நம்முடைய வாசலக்கா சிறையிலேயே இறந்து ஒன்பது நாள் ஆகிறது. அவரைப் பற்றி நல்ல வார்த்தை நாலு சொல்லத்தான் என்னை மேடையேற்றியிருக்கிறீர்கள். சொல்கிறேன். ஆனால் அதற்கு முன் ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். இந்தக் கூட்டத்தைப் பார்க்கும்போது எனக்கு வயிறு எரிகிறது. ஆமாம், பொறாமைதான்! நான் செத்தால் இதில் கால்வாசிப் பேராவது வருவீர்களா? என் மனைவியே வெயிலைப் பார்த்துவிட்டுத்தான் முடிவு செய்வாள்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் இது நேற்று வந்த பொறாமை இல்லை. நகல் எடுக்கும் கடைக்கு மேலே மாடியில் ஒரே அறை, இரண்டு மேசை, பதினாறு வருடம். கதவருகே என் மேசை, ஜன்னலருகே அக்காவுடையது. சட்டம் படித்தவன் நான். கறுப்புக் கோட்டு என்னுடையது. அக்காவோ நீதிமன்ற நகல் பிரிவில் எழுத்தராக இருந்து, மேலதிகாரியோடு சண்டை போட்டு வேலையை விட்டு வந்தவர். ஆனால் படியேறி வருகிறவர்கள் என்னிடம் என்ன கேட்பார்கள்?

"அக்கா இருக்காங்களா சார்?"

நான் தொண்டை வறள வாதாடி வாங்கிய உத்தரவுக்கு, அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுவார்கள். போகும்போது என் பக்கம் திரும்பி, "கதவைச் சாத்திட்டுப் போகட்டுங்களா சார்?" என்பார்கள். பதினாறு வருடமாக எனக்குக் கிடைத்த மரியாதை அவ்வளவுதான், தோழர்களே!

ஏன் அவருக்கு மட்டும்? எனக்கும் காரணம் தெரியும். தெரிந்ததால்தான் இன்னும் எரிந்தது. சிறை வாசலில் உத்தரவுப் பெட்டி என்று ஒன்று இருக்கிறது. மாலை ஐந்து மணிக்கு அதைத் திறப்பார்கள். அதற்குள் விழுந்த விடுதலை உத்தரவுக்கு ஆள் அன்றே வெளியே வருவார். பிந்தினால் மறுநாள்தான். அந்த இடைவெளியில் புதிதாக ஒரு காவல் உத்தரவை எழுதி, அதே ஆளை மறுபடி அடைத்துவிடுவார்கள். அதனால் அக்கா எவரையும் நம்பமாட்டார். முத்திரை போட்ட நகலைத் தானே வாங்கி, தானே பஸ் ஏறி, தன் கையால் பெட்டியில் போட்டுவிட்டு, ஆள் வரும்வரை வாசலிலேயே நிற்பார். மழையில் நின்றார். காய்ச்சலோடு நின்றார். சொந்தத் தங்கையின் கல்யாணத்தன்றும் நின்றார்! அதில் வந்த பெயர்தான் வாசலக்கா.

நான் வழக்கு ஜெயித்துத் துள்ளிக் குதித்தால் சொல்வார்: "இப்பவே ஆடாத தம்பி. ஆளு வெளிய காலு வெக்கட்டும், அப்புறம் ஆடு." அவருடைய நோட்டில் தீர்ப்புத் தேதிக்கு ஒரு கட்டம் கூடக் கிடையாது. பெயர், ஊர், கடைசியில் 'வாசலைத் தாண்டிய நேரம்'. முன்னூற்றுப் பன்னிரண்டு பெயர்கள்.

நீதிமன்றம் விடச் சொல்லியும் விடாமல் வைத்திருந்த பதினொரு பேரின் பட்டியலை அக்கா நீதிபதியிடம் கொடுத்தார். ஒரே வாரத்தில் அவரையே பிடித்துக்கொண்டு போனார்கள். பொது அமைதிக்கு ஆபத்தாம்! ஐம்பத்தெட்டு வயது, இதயத்துக்கு வேளைக்கு மூன்று மாத்திரை. இவரால் யாருக்கு ஆபத்து?

நான்தான் வாதாடினேன். ஒரு வியாழக்கிழமை தீர்ப்பு வந்தது. கைது சட்டவிரோதம், உடனே விடுவிக்க வேண்டும், அதே காரணத்துக்காக மறுபடி அடைக்கக் கூடாது. இரண்டே முக்காலுக்கு நகல் என் கையில். சிறைக்கு ஒன்றரை மணி நேரப் பயணம். போனேனா?

நீதிமன்றப் படியில் கேமராக்கள் நின்றன. இருபத்தாறு வருட வக்கீல் தொழிலில் முதல் முறையாக அவை என் பக்கம் திரும்பின. ஒரு சேனலுக்குப் பேசினேன். இன்னொன்று வந்தது, அதற்கும் பேசினேன். அக்கா உள்ளே இருந்ததால்தானே அந்த மைக் எனக்குக் கிடைத்தது? தெரிந்தேதான் பேசினேன்! ஒரு நாளாவது ஊர் என்னைப் பார்க்கட்டுமே என்றுதான் பேசினேன். முடிந்தபோது மணி நாலு. காலையில் போட்டுக்கொள்ளலாம், ஒரு நாள்தானே என்று வீட்டுக்குப் போய், என்னையே டிவியில் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் சிறை வாசலில் காவலர் சிரித்தார். "நேத்து ஆறரைக்கே புது ஆர்டர் குடுத்தாச்சு சார். இதை வெச்சுக்கிட்டு என்ன பண்றது?" வாங்கிப் பார்த்தேன். அதே குற்றச்சாட்டு, அதே வரிகள், தேதி மட்டும் வேறு. தீர்ப்பைக் காலில் போட்டு மிதித்தவர்கள் அவர்கள். அக்காவைக் கொன்றவர்கள் அவர்கள். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அவர்களுக்கு அந்த ஒரு மாலைப்பொழுதை எடுத்துக் கொடுத்தவன் நான்.

மாமா, இது உங்களுக்குத் தெரியாது. அக்காவுக்குத் தெரியும். கம்பிவலைக்கு அந்தப் பக்கம் நின்று முதல் கேள்வியே அதைத்தான் கேட்டார்.

"ஆர்டர் காப்பி எத்தனை மணிக்குத் தம்பி உன் கைக்கு வந்துச்சு?"

"நாலரை ஆயிடுச்சுக்கா."

"முத்திரைக்குக் கீழ நேரம் எழுதியிருப்பாங்களே. அந்த வேலையத்தான நான் பதிமூணு வருஷம் பாத்தேன்?"

நகலை மடித்துப் பைக்குள் வைத்தேன். அக்கா என்னைப் பார்த்தார். பிறகு சிரித்தார்.

"டிவியில நல்லாப் பேசுனியாமே. வார்டன் அம்மா சொல்லுச்சு. சட்டைதான் கசங்கிக் கிடந்துச்சாம். அடுத்த தடவ தேய்ச்சுப் போட்டுட்டுப் போ."

அவ்வளவுதான்! ஒரு வசவு இல்லை, ஒரு குத்தல் இல்லை. திட்டியிருந்தால் நிம்மதியாக வீட்டுக்கு வந்திருப்பேன். அங்கேயும் அவர்தான் பெரிய மனுஷி, நான் சின்னப் பையன். பஸ்ஸில் வரும்போது அழுகையோடு சேர்ந்து எரிச்சலும் வந்தது. நீதிமன்ற அவமதிப்பு வழக்குப் போட்டேன். அரசுத் தரப்பு வாய்தா மேல் வாய்தா வாங்கியது. அந்த வியாழக்கிழமையிலிருந்து முப்பத்தெட்டாம் நாள் சிறை மருத்துவமனையில் அக்காவின் மூச்சு நின்றது. நோட்டில் முன்னூற்றுப் பதின்மூன்றாவதாக நான் அவர் பெயரை எழுதினேன். கடைசிக் கட்டத்தில் எழுத எதுவும் இல்லை.

பின்னால் நிற்கும் கேமராத் தம்பிகளே, இன்றைக்கும் என் பக்கம் திருப்பி வைத்திருக்கிறீர்கள். கொஞ்சம் மூன்றாவது வரிசைக்குத் திருப்புங்கள். மடியில் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஒரு தங்கை இருக்கிறாள். லாரி டிரைவர் ஒருவரின் மனைவி. அவள் கணவரின் வழக்கு அக்கா எடுத்த கடைசி வழக்கு. இன்று காலை அவரை விடச் சொல்லி உத்தரவு வந்துவிட்டது. பதினொன்றரைக்கே நகல் கிடைத்து என்னிடம் ஓடி வந்தாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "கூட்டம் முடியட்டும்மா, நான் பேசணும்ல."

பேசணும்ல! முப்பத்தெட்டு நாளும் ஒரு சாவும் எனக்குக் கற்றுக்கொடுத்தது அவ்வளவுதானா? அக்காவுக்குச் சேர்ந்த கூட்டத்தின் முன்னால் நின்று அக்காவைவிட நன்றாகப் பேசிக் காட்ட வேண்டும் என்று இந்தப் பாழாய்ப்போன மனசு இன்றைக்கும் ஆசைப்பட்டிருக்கிறதே!

மணி இப்போது மூன்று. அக்காவின் பணியைத் தொடர்வோம் என்று கூட்டத்தின் முடிவில் நீங்கள் எல்லோரும் எழுந்து நின்று உறுதி எடுப்பீர்கள். எடுங்கள். அதுவரை நிற்க எனக்கு நேரமில்லை. நீதிபதி ஐயா மன்னிக்க வேண்டும், தீர்மானத்தை வேறு யாராவது படிக்கட்டும். மாமா, உங்கள் பக்கத்தில் இருக்கும் அந்த நோட்டைக் கொடுங்கள். தங்கச்சி, எழுந்திரும்மா. பையை விட்டுடாத.

வாசலைத் தாண்டி வரும் அந்த டிரைவர் என்னைப் பார்த்ததும் என்ன கேட்பார் என்று எனக்கு நன்றாகத் தெரியும். "அக்கா வரலீங்களா சார்?" என்றுதான் கேட்பார்.

கேட்கட்டும். கொஞ்சம் வழி விடுங்கள், தோழர்களே.