மார்கழியில் ஓடிய தேர்

குருசாமி: இல்ல தங்கச்சி, பாண்டிசெல்வி கூமாப்பட்டிக்கில்ல போயிருக்கா. அத்தை வீட்டுக்கு.

நூர்னிசா: நேத்து போன்ல நம்ம ஊருப் பக்கத்துத் திருவண்ணாமலைப் பெருமாள் கோயிலுக்குப் போயிருக்கான்னு சொன்னீங்களேண்ணே?

குருசாமி: அது... பெருமாளைக் கும்பிட்டுட்டு அப்படியே பஸ் ஏறிட்டா. வயசுப்புள்ளைக்கு ஒரு எடத்துல கால் தரிக்குமா? நீ காப்பி குடிக்கியா?

நூர்னிசா: வேண்டாம்ணே, செத்த நேரம் உக்காருங்க. ரெண்டு வருசம் முடிஞ்சிருச்சு. எங்க அறக்கட்டளையில பாண்டிசெல்விக்கு இரவலாக் குடுத்த நாதசுரத்தைத் திருப்பி வாங்கியாரச் சொல்லிட்டாங்க. சுந்தரபாண்டியத்துல ஒரு பிள்ளை அதுக்காகக் காத்துக்கிட்டிருக்கு.

குருசாமி: அது எப்படி? எம்புள்ள இன்னும் பழகிக்கிட்டுத்தான இருக்கா? வாசிச்சதை மாசாமாசம் உனக்கு வாட்ஸ்அப்புல அனுப்பலையா? ஒரு மாசம் தவறியிருக்கா?

நூர்னிசா: தவறல. அம்புட்டையும் நான் கேட்டேன்.

குருசாமி: பொறவு என்ன? எளம்பிள்ளைகளை வளக்கோம், கலையை வளக்கோம்னு மேடையில முழங்குதீக. இங்க வந்து கையில இருக்கதைப் பிடுங்குதீக!

நூர்னிசா: யம்மாடி, என்ன வாயி! இதுக்குப் பயந்துதான் உங்க ஆட்டோவுல ஒருத்தரும் ஏற மாட்டேங்கிறாகளாம்.

குருசாமி: ஆமா, நீ தினமும் ஏறிட்ட மாதிரி...

நூர்னிசா: அண்ணே... மார்கழிக்கு ஒண்ணு அனுப்புனீங்களே.

குருசாமி: ஆமா. நல்லா இருந்துச்சுல்ல?

நூர்னிசா: ரொம்ப நல்லா இருந்துச்சு. நடுவுல 'கோவிந்தா, கோபாலா'ன்னு ஒரே கூட்டச் சத்தம். வடம் பிடிச்சு இழுக்கிற சத்தம்.

குருசாமி: அது... தெருவுல யாராச்சும்...

நூர்னிசா: ஸ்ரீவில்லிபுத்தூர்ல பெறந்து வளந்தவ நான். ஆடிப்பூரத் தேர்ச் சத்தம் எனக்குத் தெரியாதா? மார்கழியில அந்தத் தேரு எங்கிட்டு ஓடுச்சுண்ணே?

குருசாமி: இரு, காப்பி போட்டுக் கொண்டாரேன்.

நூர்னிசா: சொல்லுங்கண்ணே.

குருசாமி: கூறுகெட்டவன் நான். முழுசாக் கேக்காம அனுப்பிட்டேன்.

நூர்னிசா: கேட்டிருக்கலாம்ல...

குருசாமி: ஏலல தாயி. மொத வாசிப்பு முடிஞ்சதும் 'எப்பா, நல்லாருக்கா?'ன்னு கேப்பா. சிரிச்சுக்கிட்டே கேப்பா. அதுக்கு மேல என்னால ஏலல.

நூர்னிசா: அழாதீங்கண்ணே...

குருசாமி: ஐப்பசியில காய்ச்சல் வந்துச்சு. நாலே நாளு. பத்தொம்போது வயசுப்புள்ளைய அள்ளிக் குடுத்துட்டு வந்தேன். அவ இல்லன்னு தெரிஞ்சா நாதசுரத்தைக் கேட்டுருவீகளேன்னு, அவ போன்ல கிடந்ததை மாசத்துக்கு ஒண்ணா அனுப்புனேன். போன மாசத்தோட அதுவும் தீந்துபோச்சு.

நூர்னிசா: அதான் இந்த மாசம் பழசையே அனுப்புனீங்களா?

குருசாமி: ம்... களவாணிப்பய மாதிரி உக்காந்திருக்கேன் உன் முன்னால. இந்தா, எடுத்துக்க. உறையோட எடுத்துக்க. அந்தப் புள்ள நல்லா வாசிக்கட்டும்.

நூர்னிசா: சீவாளியைக் கழட்டி நீங்களே வச்சுக்கங்கண்ணே. அது பாண்டிசெல்வி வாய் வச்சு ஊதினது. புதுப்பிள்ளைக்கு வேற வாங்கிக்கிடுவோம்.

குருசாமி: வச்சுக்கவா? ஒண்ணும் சொல்ல மாட்டாங்களா?

நூர்னிசா: நான் பாத்துக்கிடுதேன்.

குருசாமி: நீ ஒரு புதிரு தங்கச்சி. மார்கழியிலேயே என் புளுகு தெரிஞ்சுபோச்சு. அங்க போய்ச் சொல்லாம, தையிலயும் மாசியிலயும் 'அடுத்ததை அனுப்புங்கண்ணே'ன்னு ஏன் கேட்டுக்கிட்டே இருந்த?

நூர்னிசா: மார்கழியில இல்லண்ணே... ஐப்பசியிலயே தெரியும். யாரோ தகவல் சொல்லி, நெசமான்னு பாத்துட்டு வரச் சொல்லி என்னைய அனுப்புனாங்க. உங்க வாசல் வரைக்கும் வந்தேன். உங்க வீட்டு அக்கா அந்த நாதசுரத்தை மடியில போட்டுத் தட்டிக் குடுத்துக்கிட்டிருந்தாக. திரும்பிப் போயி, 'பொண்ணு நல்லாருக்கா, தினமும் பழகுதா'ன்னு எழுதிக் குடுத்துட்டேன். மொதப் பொய் என்னோடதுண்ணே.