இடப்பக்கம் ஒரு கதவு

அக்கா: அந்த வெள்ளை வேன் சாவியை உள்ளே வைடா. எனக்கு இந்தப் பழசு போதும்.

தம்பி: கண்ணைத் தொறந்து பாத்துட்டுதான் பேசுறியா? வெள்ளையில டர்போ இருக்கு, ஏசி இருக்கு. இந்த டீசல் கிழடுல என்ன இருக்கு? புகை இருக்கு.

அக்கா: புகைஞ்சா இன்ஜெக்டரைக் கழட்டிக் கழுவு. மெக்கானிக்னு சும்மாவா போர்டு மாட்டியிருக்கே?

தம்பி: கழுவினா பறந்துடுமா? கடை கடையா ரொட்டி போடுறதுக்கு வேகமா ஒரு வண்டி வேணும்னு நீதானே...

அக்கா: வேகம் வேணும். ஆனா ரோட்டுல இல்ல.

தம்பி: பின்ன, ஆகாசத்துலயா?

அக்கா: கடை வாசல்ல. ஒவ்வொரு கடையிலயும் இறங்கி, வண்டியைச் சுத்திப் பின்னாடி போயி, கதவைத் தொறந்து, உள்ளே ஏறி, தட்டை இழுத்து... அதுக்குள்ள வேற கம்பெனி ரொட்டி முன் ரேக்குல உக்காந்துடுது. முன் ரேக்குல இல்லாத ரொட்டி சாயங்காலம் அப்படியே திரும்பி வருது.

தம்பி: சரி... அதுக்கு?

அக்கா: இடப்பக்கத்தை வெட்டித் தள்ளுகதவு போடு. என் சீட்டுக்குப் பின்னாடி இருக்கிற தடுப்பைப் பிடுங்கு. எழுந்தேனா, தட்டை எடுத்தேனா, கடைப் படியில காலை வச்சேனான்னு இருக்கணும்.

தம்பி: வெட்டினா பாடி பலம் போயிடும். பள்ளத்துல விட்டா வளைஞ்சு நிக்கும்.

அக்கா: அடியில இரும்புச் சட்டம் வச்சு வெல்டு பண்ணு.

தம்பி: எல்லாம் மனப்பாடமா வந்திருக்கே.

அக்கா: வருஷக்கணக்கா இதே வண்டியை ஓட்டினவடா நான். வருஷா வருஷம் பழைய பேக்கரி முதலாளிகிட்ட இந்தக் கதவைத்தானே கேட்டேன்?

தம்பி: அவரு சொன்ன பதில்தான் ஊருக்கே தெரியுமே.

அக்கா: 'பொம்பளைகிட்ட வேன் குடுத்ததே பெருசு, கதவு வேற கேக்குதா'ன்னாரு. சாவியை மேஜையில போட்டுட்டு வந்தேன். உடனே வண்டியை உன் தலையில விலைக்குக் கட்டிட்டாரு.

தம்பி: அதான் சொல்றேன். வீம்புக்கு இதை எடுக்காதே.

அக்கா: வீம்புதான். அவரு ரொட்டி போடுற அதே தெருவுல, அவரு மாட்டேன்னு சொன்ன கதவு வழியா இறங்குவேன்.

தம்பி: முடியலைன்னா?

அக்கா: முடியலைன்னா எந்தக் கடைக்காரனும் என்னை மறுபடி நம்பமாட்டான். புது பேக்கரியம்மா என்னை நம்பித்தான் மாவு பிசையுறாங்க. திங்கக்கிழமை ஷட்டர் தூக்கும்போது ரொட்டியோட நிப்பேன்னு எல்லாருக்கும் சொல்லிட்டேன்.

தம்பி: கையில வண்டி இல்லாமயா?

அக்கா: ...ம்.

தம்பி: சுத்தம்.

அக்கா: நீ இருக்கேன்னு சொல்லிட்டேன். ஏன் மூஞ்சியைத் திருப்புற? அந்த ஆளு இங்க வந்தாரா?

தம்பி: டீ சொல்லட்டுமா?

அக்கா: வந்தாரான்னு கேக்குறேன்.

தம்பி: ...காலையில வந்தாரு. வண்டியைத் திருப்பிக் குடுன்னாரு. 'உங்கக்கா கைக்குப் போச்சுன்னா என் மத்த வண்டி ஒண்ணுகூட உன் ஷெட்டுப் பக்கம் வராது'ன்னாரு.

அக்கா: அவரு வண்டிங்களை நம்பித்தானேடா உன் அடுப்பு...

தம்பி: பாதி அடுப்பு.

அக்கா: இதுக்குத்தான் இவ்வளவு நேரம் வெள்ளை, வெள்ளைன்னு சுத்தி வளைச்சியா? வாயைத் தொறந்து சொல்ல வேண்டியதுதானே?

தம்பி: அக்கா, நான்...

அக்கா: பேசாதே. அவருக்கே குடுத்துடு. உன் சோத்துல மண்ணு போட்டு எனக்கு ஒரு கதவு வேணாம். தட்டைத் தலையில தூக்கிட்டு நடந்தாவது திங்கக்கிழமை போடுறேன். அவரு பாக்கட்டும்.

தம்பி: வெள்ளைன்னது உன் வீம்பைச் சோதிக்கத்தான். அவருக்கு இனிமே இந்த வண்டி ஆகாதுக்கா.

அக்கா: ஏன்?

தம்பி: சுவர்ப் பக்கமா சுத்திப் போயிப் பாரு. காலையில அவரு இங்க நின்னு மிரட்டும்போதே கட்டரை எடுத்துட்டேன். அவரு கண்ணு முன்னாடிதான் இடப்பக்கத்தை வெட்டினேன்.