அஞ்சு வடை, அஞ்சு பேர்

லிங்கராஜபுரத்தில் பஸ் ஏறிய இரண்டு பெண்கள் எனக்கு முன் சீட்டில் உட்கார்ந்தார்கள். இருவர் கழுத்திலும் ஒரே கார்மெண்ட்ஸ் கம்பெனியின் அட்டை. மூத்தவள் மடியில் ஒரு கணக்கு நோட்டு.

"நேத்து என் பொண்ணு எனக்கு ஒரு மார்க்கைக் குறைச்சிட்டா."

போனைப் பார்த்துக்கொண்டிருந்த நான் அதை அணைத்துவிட்டேன். இந்த வருஷம் மூத்தவள் பத்தாவது பிரைவேட்டாக எழுதுகிறாளாம். வீட்டில் டெஸ்ட் வைத்துத் திருத்துவது மகள்.

"எதுக்குக்கா குறைச்சா?"

"எக்ஸ் பவர் அஞ்சை எக்ஸ் பவர் அஞ்சால வகுக்கணும். மேலயும் கீழயும் எக்ஸுதான், அதனால பவரைக் கழிச்சேன். அஞ்சுல அஞ்சு போனா சைபர். விடை சைபர்னு எழுதினேன். அவ ஒண்ணுங்கறா."

"பவர்தான்கா சைபர். விடை ஒண்ணுதான். எந்த நம்பரையும் அதே நம்பரால வகுத்தா ஒண்ணுதானே வரும். இப்போ அஞ்சு மத்தூர் வடை வாங்கிட்டுப் போறீங்க. வீட்ல நீங்க அஞ்சு பேர். ஆளுக்கு எத்தனை?"

மூத்தவள் விரலை மடக்கினாள்.

"அவருக்கு ரெண்டு. மாமியாருக்கு ஒண்ணு. பையனுக்கு ஒண்ணு, பொண்ணுக்கு ஒண்ணு. நான் டீ போட்டு எடுத்துட்டு வர்றப்போ தட்டுல சைபர்."

சின்னவள் நோட்டை வாங்கி மூடினாள்.

"சரிக்கா. பரீட்சையில ஒண்ணுன்னே எழுதுங்க. வடை வாங்கினா மட்டும் பஸ்ஸுலயே ஒண்ணைத் தின்னுட்டு இறங்குங்க."