நாற்பதாவது கையெழுத்து

நெடுந்தீவுக்கு மோட்டார் வள்ளம் ஏறுகிறவர்கள் வெறும் வயிற்றோடு ஏறக்கூடாது. ஒரு துண்டுப் பாணாவது உள்ளே போயிருந்தால் கடல் அவ்வளவாகப் பிரட்டாது. 1979ஆம் ஆண்டில் மட்டும் நான் நாற்பத்தொரு தடவை அந்தக் கடலைக் கடந்தேன். அக்கறை இல்லாதவள் அப்படிப் போய்வருவாளா என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

நெறிமுறைக் குழுவினராகிய நீங்கள் என் விண்ணப்பத்தை மூன்று முறை திருப்பி அனுப்பினீர்கள். நான் கோபிக்கவில்லை. ஆனால் கதிரையில் இருக்க முடியவில்லை. தபாற்காரர் வரும்வரை குசினிக்கும் படலைக்குமாக நடந்துகொண்டிருப்பேன். உங்கள் கூட்டம் தள்ளிப்போகும். பிள்ளைத்தாய்ச்சியின் வயிறு தள்ளிப்போகாது.

கடைசியில் அனுமதி வந்தது. நாற்பது கர்ப்பிணிகள். பாதிப்பேருக்கு இரும்புச்சத்துக் குளிசை, மற்றவர்களுக்கு அதே நிறத்தில் வெறும் மாக்குளிசை. யாருக்கு எது என்ற பட்டியல் என்னிடம் மட்டும். உறவினரைச் சேர்க்கக்கூடாது என்றீர்கள். நினைத்த நேரம் விலகலாம் என்ற வரி உட்படப் படிவம் முழுவதையும் வாசித்துக் காட்டச் சொன்னீர்கள். இரத்த அளவு ஏழுக்குக் கீழே போனால் ஆராய்ச்சியை விட்டு ஆஸ்பத்திரிக்கு அனுப்பவேண்டும் என்றும் எழுதினீர்கள். எல்லாம் நியாயமானவை.

முப்பத்தொன்பது பேர் சேர்ந்தார்கள். தீவில் அந்த மாதம் மிஞ்சியிருந்த ஒரே கர்ப்பிணி என் அண்ணன் தியாகலிங்கத்தின் மனைவி மீனாம்பிகை. அண்ணனுக்குக் கேகாலையில் கடை. படிவத்தில் 'உறவு' என்ற இடத்தில் 'இல்லை' என்று எழுதினேன்.

வாசிக்கத் தொடங்கினேன். அவள் சிரித்தாள்.

"சறோ மச்சாள், என்ன இது, பத்திரம் எழுதுற நொத்தாரிசு மாதிரி? நீர் சொன்னாக் காணாதே? நீர் வாசிக்க நான் கேட்டுக்கொண்டிருந்தா உம்மை நம்பேல்லையெண்டெல்லோ ஆகும். எங்கை போடுறது? என்ரை கலியாணத்துக்குக்கூட இவ்வளவு எழுத்துக் கிடக்கேல்லை."

எங்கள் தீவில் மச்சாளிடம் பத்திரம் வாசிப்பது அவமரியாதை. அவள் கையெழுத்துப் போட்டதும் நான் தாளை மடித்தேன். விலகலாம் என்ற வரி அடுத்த பக்கத்தில் இருந்தது.

அவள் பெயர் மாக்குளிசைப் பட்டியலில் விழுந்தது. குலுக்கிப் போட்டதுதான், நான் தெரிவுசெய்யவில்லை.

ஏழாம் மாதத்தில் அவளுடைய உதடு வெளிறிப்போயிருந்தது.

"பக்கத்துவீட்டுச் சீதேவி அக்காவும் இதே குளிசைதானே போடுறா? அவ ஆட்டுக்குட்டிக்குப் பின்னாலை ஓடித் திரியிறா. எனக்குக் கிணத்தடிக்குப் போகவே ஏலாமக் கிடக்கு."

"எல்லாருக்கும் ஒரே மாதிரிப் பிடிக்குமே, மச்சாள்?"

விரலில் குத்திப் பார்த்தேன். ஐந்தே முக்கால். இரத்தத்தின் நிறத்தைக் கண்ணாடிக் குழாயில் கண்ணால் ஒப்பிட்டுப் பார்க்கிற முறை அது, வெளிச்சத்தைப் பொறுத்தது. ஏழரை என்று பதிந்தேன்.

அண்ணன் கடிதம் போட்டிருந்தார்: உடனே யாழ்ப்பாணம் போய் ஆஸ்பத்திரியில் காட்டு. அவள் அதை என்னிடம் நீட்டினாள்.

"போகட்டே? உம்மடை படிப்புக்கு இடைஞ்சல் வருமெண்டா நிக்கிறன்."

"இன்னும் மூண்டு கிழமை, மச்சாள். கடைசி அளவு எடுத்திட்டா நானே கூட்டிக்கொண்டு போறன்."

"ஓம். நீரே சொன்னாப் பிறகென்ன."

பதினாறாம் நாள் இரத்தம் போகத் தொடங்கியது. கடல் கொந்தளித்ததால் வள்ளம் விடவில்லை. அவளும் தப்பவில்லை, குழந்தையும் தங்கவில்லை. சாதாரண உடம்பு தாங்கியிருக்கும் என்று மருத்துவமாது சொன்னார். அது எனக்கும் தெரியும். ஆராய்ச்சியே அதைக் காட்டத்தான். என் அலுமாரியில் இரும்புக் குளிசை நான்கு போத்தல் இருந்தது. ஒன்றை மாற்றிக் கொடுத்திருந்தால் அவள் இருப்பாள். ஆராய்ச்சியின் முடிவு பிழையாகியிருக்கும்.

ஆகவே உறவை மறைத்தவள் நான். அளவை மாற்றியவள் நான். போகக் கேட்டவளை மறித்தவளும் நான்தான். எதையும் மறுக்கவில்லை. ஆராய்ச்சியை மட்டும் நிறுத்தவேண்டாம் என்று தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். எண்ணிக்கையில் ஒருவர்தான் குறைகிறார். என் தங்கை மனோகரிக்கு இது நாலாம் மாதம். நேற்றுக் கேட்டேன்; சந்தோசமாகச் சம்மதித்தாள்.