அக்கா பேரில் ஏறும் பதிவு

இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். என் கூட்டாளியின் சித்தப்பாவுக்கு நடந்தது இது.

இரவு இரண்டு மணி. ஆஸ்பத்திரியின் பழைய கட்டடத்திலிருந்து புதுக் கட்டடத்துக்கு ஒரு நீளமான சிமெண்டுப் பாதை. அவர் வெறும் ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு வந்தார். ஒரு சக்கரம் மட்டும் கிரீச்... கிரீச்... வேறு ஆள் நடமாட்டம் இல்லை.

அவர் அங்கே வார்டு உதவியாளர். அவர் மனைவியும் அங்கேதான் நர்ஸாக இருந்தாள். அவள் இறந்து ஐந்து மாதம். ஆனால் வார்டு கம்ப்யூட்டரில் அவள் சாகவில்லை. புதிதாக வந்த நர்ஸ்களுக்குக் கடவுச்சொல் கொடுக்க மேலிடத்துக்கு நேரமில்லை. எல்லோரும் அவளுடையதையே போட்டு உள்ளே போனார்கள். யார் ஊசி போட்டாலும் பதிவு அவள் பெயரில் ஏறும்.

தப்புதான். ஆனால் வீட்டில் அவருக்குப் பேச ஆளில்லை. திரையில் அந்தப் பெயரைப் பார்த்தால்... பக்கத்து வார்டில் வேலையாக இருக்கிறாள் என்று மனசு ஏமாந்துகொள்ளும்.

அன்று அவர் வார்டுக்குள் நுழைந்தபோது, அந்த நேரத்திலும் கம்ப்யூட்டர்காரர் உட்கார்ந்திருந்தார்.

"மாமா, அக்கா பேரை எடுக்கறாங்க," என்றாள் சின்ன நர்ஸ். "நேத்து ஒருத்தருக்கு மருந்து மாறிப்போச்சு. யாரு குடுத்தான்னு பார்த்தா அக்கா பேரு வருது."

"அவளும் மறுத்துப் பேச மாட்டா பாரு, உங்களுக்கு வசதி," என்றார் சித்தப்பா.

நர்ஸ் தலையைக் குனிந்துகொண்டாள்.

"நாளைக்கு எடுத்தா ஆகாதா தம்பி?"

"அஞ்சு மாசம் லேட்டுண்ணே." கம்ப்யூட்டர்காரர் ஒரு பொத்தானைத் தட்டினார். பெயர் போயிற்று.

கம்ப்யூட்டர்காரர் கிளம்பினார். நர்ஸும் பக்கத்து வார்டுக்குப் போனாள். சித்தப்பா மட்டும் வெறும் திரை முன்னால் உட்கார்ந்தார். அழக்கூட வரவில்லை.

டக்... டக்... டக்...

பொத்தான்கள் தானாக அமுங்கின. அவளுடைய சட்டையில் எப்போதும் இருக்கும் வாசனை... ஸ்பிரிட்டும் பவுடரும். திரையில் அவள் பெயர் மறுபடி ஏறியது. அதன் கீழே ஒவ்வொரு வரியாக...

ஆண். வயது ஐம்பத்திரண்டு. மூன்று நாளாகச் சரியான சாப்பாடு இல்லை.

அவர் மணிக்கட்டில் இரண்டு விரல்கள் பதிந்தன. சில்லென்று. நர்ஸ்கள் பிடிப்பார்களே, அந்தப் பிடி. கையை இழுக்க அவருக்குத் தோன்றவில்லை.

நாடித்துடிப்பு: நூற்றுப் பதினெட்டு.

பிறகு கடைசி வரி.

நோயாளியுடன் தங்குபவர்: மனைவி.