ஏழடி தூரம்

— இந்தக் காலத்துல ஒரு ஆளக் கூப்புடற மொறையே கெட்டுப் பூட்ச்சி கிருஷ்ணசாமி. நாஷ்டா துன்னுக்கினு இருந்தவன "ஒரு நிமிசம் வாங்க ஏட்டய்யா"ன்னு வாசலுக்குக் கூப்ட்ட. பிளஷர் கார்ல ஏத்தின. கதவ சாத்தின. இப்ப உத்தரமேரூரத் தாண்டி எவ்ளோ தூரம் வந்தாச்சி பாரு. கோர்ட்டுக்கு வான்னா நான் பஸ்ஸுல வரமாட்டேனா?

— அறுபது தாண்டின வயசுல பஸ்ல எதுக்கு நசுங்கணும்? ஐயாதான் சொன்னார், "இருசப்பன் நம்ம பக்கத்துச் சாட்சி, மரியாதையா அழைச்சிட்டுப் போ"ன்னு. வண்டி ஓட்டறதே உங்க மாப்பிள்ளை. இதுக்கு மேல என்ன மரியாதை வேணும்?

— மரியாதின்னா கதவுக்கு உள்பக்கம் கைப்பிடி இருக்கணும்.

— அது ஒடைஞ்சி ஒரு மாசம் ஆச்சி மாமா. வெளியேர்ந்துதான் தெறக்கணும். வேணும்னு ஆரும் பண்ணல.

— நீ ரோட்டப் பாத்து ஓட்டு கோபாலு. உன்னக் கேக்கல.

— வாலாஜாபாத்ல ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் வக்கீல் வீடு. அவரையும் ஏத்திக்கிட்டு நேரா செங்கல்பட்டு. அவர் ஏறறதுக்கு முன்னால ஒரு தடவை சொல்லிப் பாத்துடலாமா?

— நீ சொல்லு. நான் கேக்கறேன். பத்து வருசமா தாண்டவராயருக்கு ஏஜண்டா கீற, உனக்குத் தெரியாததா.

— ஐயா பம்புசெட்டுக் கொட்டகையில தனியா இருந்தார். விளக்கு வைக்கிற நேரம். மண்வெட்டியைத் தூக்கிட்டு ஒருத்தன் உள்ள வந்தான். ஏழடி தூரம். மண்வெட்டியை ஓங்கினான். ஐயா இடுப்புல இருந்த ரிவால்வரை எடுத்து, யாரு என்னன்னு பாக்காமலே சுட்டுட்டார். விழுந்து கிடக்கறது ஏசுதாஸ்னு விளக்கைக் கொண்டாந்து பாத்த அப்புறம்தான் தெரியும்.

— தாசில்தாராண்ட மனு குடுத்தானே, ஒங்க ஐயாவோட குத்தக நெலத்த வுட மாட்டேன்னு, அந்த ஏசுதாஸு.

— அந்தப் பேச்சு எதுக்கு இப்ப? யாருன்னே தெரியாம சுட்டதுதான் நம்ம கேஸ்.

— செரி. இதுல எனக்கு இன்னா வேல?

— ஐயாவுக்குச் சுடக் கத்துக் குடுத்தது நீங்க. எப்படிச் சுடச் சொல்லிக் குடுத்தீங்கன்னு ஜட்ஜ் கேப்பார். கிட்டத்துல ஆள் வந்தா குறி பாக்க நேரம் கிடையாது, விரலை நீட்டற மாதிரி துப்பாக்கியை நீட்டிச் சுட்டுடணும், அதைத்தான் சொல்லிக் குடுத்தேன்னு சொல்லணும். பொய் சொல்லச் சொல்லல. சொல்லிக் குடுத்தீங்க இல்ல?

— குடுத்தேன். பத்து நாளு. அதுக்கு முன்னால ரெண்டு மாசம் குறி பாக்கறதுதான சொல்லிக் குடுத்தேன்? தெனம் காலைல மாந்தோப்புல. துப்பாக்கிக் கொழாயோட மூக்குல ஒரு மேடு, பின்னால ஒரு பள்ளம். அந்தப் பள்ளத்துல மேடு வந்து ஒக்காரணும், அதுக்கு நேரா குறிக்கு வெச்ச பான. ஒரு கண்ணாலதான் பாக்கணும். அந்த ஒரு கண்ணுக்கே ஒரு வாரம் பேஜாராப் பூட்ச்சி.

— அந்த ரெண்டு மாசத்தை யாரும் கேக்கப் போறதில்ல.

— கேட்டா?

— ஞாபகம் இல்லைன்னு சொல்லுங்க.

— போலீஸு ஆயுதக் கெடங்குல இருவது வருசம் குந்திக்கினு இருந்தவன்யா நானு. எந்தத் துப்பாக்கிக்கு எந்த நெம்பருன்னு இன்னிக்கும் சொல்லுவேன். ஞாபகம் இல்லன்னா எவன் நம்புவான்? நேத்து ஒரு காகிதத்துல கையெழுத்து வாங்கினியே, அதுல இன்னா எழுதிக்கீது? இங்கிலீசுல எனக்குப் படிக்கத் தெரிஞ்சது என் பேரு மட்டும்.

— இதேதான் எழுதியிருக்கு. பயப்படாதீங்க.

— பயப்படாதன்னு எவன் சொல்றானோ அவனப் பாத்தாதான் எனக்கு பயம்.

— சரி, நீங்களே சொல்லுங்க. ஏழடியில ஒருத்தன் மண்வெட்டியோட வந்தா குறி பாத்துட்டு நிக்க முடியுமா?

— முடியாது. சண்ட காலத்துல வேலூர்ல ஒரு வெள்ளக்கார சார்ஜண்டு எங்களுக்கு அதத்தான் சொன்னான். ரெண்டு கண்ணும் தெறந்திருக்கணும். வர்றவன் வயித்தப் பாரு. பாத்த எடத்துக்குக் கை தானா போவும். நீட்டு, அழுத்து. குறி பாக்கறதுக்குள்ள நீ செத்துப்பூடுவ. எனக்கு அதுல முழு நம்பிக்க இல்ல. ஆனா கிட்டத்துல வேற வழியும் இல்ல.

— இதை, இதை அப்படியே சொல்லுங்க. போதும்.

— ஒங்க ஐயாவுக்கு அது வரலியேயா. மெட்ராஸ்ல எவனோ சிநேகிதன் சொன்னான்னு அவராத்தான் கேட்டாரு, நானும் சொல்லிக் குடுத்தேன். பத்து நாள்ல ஒரு பான ஒடையல. கெணத்துச் சொவுத்துல பட்ச்சி. மாமரத்துல பட்ச்சி. ஒருநாள் கெளையில மாட்டி வெச்ச என் துண்டுல பட்ச்சி. "இது நமக்குத் தோதுபடாது இருசப்பா, பழைய மாதிரியே பாத்துடலாம்"னுட்டாரு. பழையபடி குறி பாத்தாரு, முதல் குண்டுலயே பான ஒடஞ்சிது.

— அப்ப கூட இருந்தவங்க யாரு?

— நானு. அவரு. பான அடுக்கின கோபாலு.

— கோபால் என்ன சொல்றே?

— எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க. பான வெக்கச் சொன்னாரு, வெச்சேன். சுண்ணாம்புல கண்ணு மூக்கு வரையச் சொன்னாரு, வரஞ்சேன். அவ்ளோதாங்க.

— பாத்தீங்களா, அவனுக்கு ஒண்ணும் தெரியாது. புத்திசாலி. உங்க பொண்ணு தேவகிக்கு இது எத்தனாவது மாசம் ஏட்டய்யா?

— ஏழு.

— ஐயா வீட்டுப் பின்கட்டுலதான் குடியிருக்குது. நேத்துகூட ஐயா வீட்டு அம்மா சொன்னாங்க, "அந்தப் பொண்ணு தண்ணிக் குடம் தூக்க வேணாம், வேற ஆள் விடுங்க"ன்னு. நம்ம வீட்டுலயே நல்லபடியா பெத்துக்கட்டும். அதுக்கு மேல நான் சொல்லணுமா?

— வேணா. வெளங்கிட்ச்சி. எம்பொண்ணு பின்கட்டுல, மருமவன் ஒங்க வண்டில, நான் கைப்பிடி இல்லாத கதவாண்ட. எல்லாத்தையும் சாத்திட்டுதான் பேச வந்துகீற.

— மனசுல வெச்சிக்காதீங்க.

— ஒண்ணு கேக்கறேன். குண்டு எங்க பட்ச்சி?

— நெத்தியில. ரெண்டு புருவத்துக்கும் நடுவுல.

— வயித்தப் பாத்து நீட்டச் சொன்னேன். நெத்திக்கு எப்டி போச்சி?

— அவன் குனிஞ்சிருப்பான். ஏதோ அதிர்ஷ்டம், துரதிர்ஷ்டம். அதெல்லாம் வக்கீல் பாத்துக்குவார். நமக்குப் பெரிய பலம் எங்கேர்ந்து கிடைச்சிருக்கு தெரியுமா? ஏசுதாஸ் பொண்டாட்டி சிட்டம்மாள் வாயிலேர்ந்து.

— அவ இன்னா சொன்னா?

— அவ கொட்டகை வாசலுக்கு நேரா வாய்க்கா வரப்புல நின்னு பாத்தாளாம். மாஜிஸ்திரேட்டுகிட்ட வாக்குமூலம் குடுத்திருக்கா, "ஐயா எடது கையைத் தூக்கி மூஞ்சியைப் பொத்திக்கினு சுட்டாரு"ன்னு. வக்கீல் படிச்சிட்டு எழுந்தே நின்னுட்டார். குறி பாக்கறவன் மூஞ்சியைப் பொத்துவானா? பயத்துல நடுங்கறவன்தான் பொத்துவான். எதிர்க்கட்சி சாட்சியே நம்ம கேஸை ஜெயிச்சிக் குடுத்துட்டா.

— பூரா மூஞ்சியையா?

— என்ன?

— பூரா மூஞ்சியையும் பொத்தினாரா, பாதியையா?

— இடது பக்கம்னு சொல்லியிருக்கா. உள்ளங்கையால இடது கண்ணு மேல. இதுல என்ன இருக்கு?

— எவ்ளோ நேரம்?

— அதுல கொஞ்சம் கயிறு திரிக்கறா. "என் வூட்டுக்காரரு மண்வெட்டிய கீழ வெச்சிட்டு ரெண்டு கையும் கூப்பற வரைக்கும் பொத்திக்கினே இருந்தாரு"ன்னு. புருஷனைப் பறிகொடுத்தவ, வேற எப்படிச் சொல்லுவா? அதை யாரும் நம்பப் போறதில்ல. கை மட்டும் நமக்குப் போதும்.

— கோபாலு, வண்டிய நிறுத்து.

— நின்னுக்கினுதான் கீது மாமா. ரயில்வே கேட்டு போட்டுக்கீறான்.

— எறங்கி வந்து கதவத் தெற.

— கோபால், நீ உக்காரு.

— தெறடா.

— கோபால், உக்காருன்னேன். நாளைக்கு இந்த வண்டி உனக்கு வேணுமா வேணாமா?

— உள்ள ஒரே புழுக்கமா கீதுங்க. மாமாவுக்குக் கொஞ்சம் காத்து வரட்டும்னு கதவத் தெறந்துட்டேன்.

— எங்க போறீங்க ஏட்டய்யா?

— அதோ ஸ்டேசன். செங்கல்பட்டு ரயிலு வர்றதுக்குத்தான கேட்டு போட்டுக்கீறான். டிக்கெட்டு வாங்கிக்கினு நானே வந்துக்கறேன்.

— வந்து? நீட்டிச் சுடறதைத்தான் சொல்லிக் குடுத்தேன்னு சொல்லுவீங்கல்ல? ஐயா பயத்துல சுட்டார் ஏட்டய்யா. ஆண்டவன் சத்தியமா பயத்துலதான். நம்புங்க.

— நான் நம்பல. கோபாலு, வண்டிய வுட்டுட்டு இப்பவே திரும்பிப் போ. தேவகிய இட்டுக்கினு மானாம்பதிக்கு, எங்கூட்டுக்குப் பூடு. சாமான் சட்டியெல்லாம் அப்பறம் பாத்துக்கலாம்.

— நில்லுங்க. இப்ப என்ன ஆயிடுச்சி? அவர் ஒரு கண்ணைப் பொத்தினதுல உங்களுக்கு என்ன?

— அவருக்கு ஒத்தக் கண்ண மூட வராதுயா கிருஷ்ணசாமி. ஒண்ண மூடினா ரெண்டும் மூடிக்கும். ஒரு வாரம் குறியே பாக்க முடியல. அப்பறம் அந்த எடது கையப் புடிச்சி அவரு கண்ணு மேல வெச்சவன் நான்தான்.