லீலா சென்ட்டின் சரித்திரம்

தைலக்கடைக்காரனுக்குச் சளி பிடிக்காது, இன்ஸ்பெக்டர் சார். ஏட்டய்யா தும்மிக்கொண்டே எழுதுகிறார், பாவம். கைக்குட்டையில் இரண்டு சொட்டு யூகலிப்டஸ் விட்டுக்கொள்ளச் சொல்லுங்கள்.

என் பெயர் திருமலைச்சாமி. கொடைக்கானல் பஜாரில் தைலமும் மிளகும் விற்கிறேன். ஆனால் விவரம் தெரிந்தவர்கள் என் கடைக்கு வருவது பின்னறையில் இருக்கும் கண்ணாடி அலமாரிக்காக. நடிகை லீலா கொடிகட்டிப் பறந்த காலத்தில் மதராஸ் கம்பெனி ஒன்று அவர் பெயரிலேயே போட்ட சென்ட் அதில் இருக்கிறது. ஊதாப் புட்டி, மேலே அவருடைய கையெழுத்து. கம்பெனி நொடித்தபோது விற்காமல் கிடந்த பெட்டிகளை நான்தான் வாங்கினேன். கல்யாணத்துக்கு வைத்திருந்த பணம் அது. கல்யாணம் நடக்கவில்லை, அதில் எனக்கு வருத்தமும் இல்லை.

அந்த சென்ட்டின் சரித்திரத்தை என்னைப்போல் சொல்ல ஆளில்லை. ஏரியில் படப்பிடிப்பு நடந்தபோது லீலா அம்மா இந்த மலைக்காற்றில் சொக்கிப்போய், இதையும் புட்டியில் அடையுங்கள் என்று கம்பெனிக்காரர்களைக் கேட்டார். அதனால்தான் திறந்ததும் முதலில் சில்லென்று மலைவாசம் எழும். மல்லிகையும் சந்தனமும் பிறகுதான். இதை எங்கும் படிக்கவில்லை, முகர்ந்தே கண்டுபிடித்தேன். கேட்கிறவர்கள் வாயைப் பிளப்பார்கள். புட்டிகளையும் கண்ணுக்குள் வைத்துக் காத்தேன். எதிலாவது மூடி கசிந்தால், தைலம் ஊற்றுகிற புனலை நன்றாகத் துடைத்து, வேறு புட்டிக்கு மாற்றிவிடுவேன்.

லீலா அம்மா வடகவுஞ்சியில் வீடு எடுத்துத் தங்கியிருக்கிறார் என்று பஜாரில் பேச்சு. செவ்வாய்க்கிழமை மத்தியானம் அவரே மூட்டுவலிக்குத் தைலம் கேட்டு வந்து நின்றார். வெளியே பனி அப்பிக் கிடந்தது, கடையில் வேறு யாருமில்லை. எனக்குக் கால் தரையில் பாவவில்லை. பின்னறைக்கு அழைத்துப்போய் உட்காரவைத்து, சரித்திரம் முழுவதையும் சொன்னேன். பிறகு ஒரு புட்டியைத் திறந்து நீட்டினேன்.

“தம்பி, இதுல மல்லிகையும் சந்தனமுந்தான் போட்டாங்க. மலையும் இல்ல, காத்தும் இல்ல. உங்க கடைத் தைலவாசந்தான் ஏறிக் கெடக்கு. இதுக்குள்ளயே பொழங்குறீங்க, உங்க மூக்குக்குத் தெரியல.”

கேலியாகச் சொல்லவில்லை, நல்ல மனுஷி. இன்னொரு புட்டியைத் திறந்தேன். அதுவும் தைலம்தான் என்றார். வயதானால் மூக்கு மங்கும், நிதானமாகப் பாருங்கள் என்று நானே எடுத்துச் சொன்னேன். அவர் எழுந்துவிட்டார்.

“என் பேரச் சொல்லி இத யாருக்கும் காட்டாதீங்க. அப்புறம் நானே நாலு பேருட்ட சொல்ல வேண்டியதாயிரும்.”

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது, அதை மறைக்கவில்லை. ஆனால் கோபத்தில் செய்தேன் என்று எழுதாதீர்கள். அவர் ஒரு பெரிய தப்பு செய்யப் போனார். யாராவது தடுத்தாக வேண்டும். மிளகு நிறுக்கிற ஐந்து கிலோ எடைக்கல் பக்கத்தில் இருந்தது. முதல் அடியில் உட்கார்ந்துவிட்டார். பிறகு கையைத் தூக்கித் தலையை மறைத்தார். விரல்கள் உடைந்தது அதனால்தான். நான் வேண்டுமென்று விரலில் அடிப்பவன் அல்ல. முகத்தில் மட்டும் படக்கூடாது என்று கவனமாக இருந்தேன். அந்த முகத்தை எத்தனை பேர் கும்பிட்டிருக்கிறார்கள். பின்தலையிலேயே அடித்தேன், முனகல் நிற்கிறவரைக்கும்.

ரத்தத்துக்கு ஒரு வீச்சம் உண்டு, சார். அவரை அந்த நாற்றத்தில் போட்டுவைக்க எனக்கு மனசு வரவில்லை. அலமாரியில் இருந்ததையெல்லாம் திறந்து அவர் கூந்தலிலும் சேலையிலும் ஊற்றினேன். கடைசிப் புட்டியில் கொஞ்சம் மிச்சம் வைத்து, தலையை என் மடியில் எடுத்துக்கொண்டு, மூக்கருகே பிடித்தேன்.

“இப்ப அவசரமில்லம்மா. நல்லா மோந்து பாத்துச் சொல்லுங்க. மலைவாசந்தானே?”

அவர் மறுக்கவில்லை. இனி கடைக்கு வருகிறவர்களிடம் அதையும் சேர்த்துச் சொல்லலாம், லீலா அம்மாவே ஒத்துக்கொண்டார் என்று.